மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார்: எதற்கு உதவும், எங்கே சறுக்கும்

போலீஸ் அடித்தது, வழக்கே போடாமல் இரவு முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தராமல் விரட்டியது. இப்படிப்பட்ட கொடுமைகளுக்கு வக்கீல் வைக்க வசதியில்லாதவர் போகக்கூடிய இடம், சென்னை பசுமைவழிச் சாலையில் 1997 முதல் இயங்கும் தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம். கட்டணம் கிடையாது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். இந்த எளிமைக்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அவசரத்துக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். ஒருவரைப் பிடித்துப்போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால், உடனே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவதுதான் வழி. ஆணையம் யாரையும் சிறைக்கு அனுப்பாது. இழப்பீடு, துறை நடவடிக்கை, குற்ற வழக்கு ஆகியவற்றைப் பரிந்துரைக்கும். நிலத்தகராறு, அரசு ஊழியரின் பதவி உயர்வுப் பிரச்சினை, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயம் இவற்றையெல்லாம் எடுக்காது.

சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36(2) பிரிவு இதில் கறார். பலர் முதல்வர் தனிப்பிரிவு, கலெக்டர், எஸ்.பி. என்று ஒரே மனுவை எல்லோருக்கும் அனுப்பி, நகல் ஒன்றை ஆணையத்துக்கும் போடுகிறார்கள். அப்படி வரும் நகல் பெரும்பாலும் முடங்கிவிடும். ஆணையத்தின் பெயருக்கே தனி மனு எழுதுங்கள். தேதி, நேரம், இடம், அலுவலரின் பெயர், பதவி, அவர் என்ன செய்தார், யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் இரண்டு பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பதவியும் அடையாளமும் போதும். தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். ஓர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதை இன்னொன்று விசாரிக்கக் கூடாது என்பது சட்டம்.

வழக்கின் பலம் முதல் 24 மணி நேரக் காகிதத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் காயத்தைக் காட்டும்போது, அடித்தது யார், எதனால், எங்கே வைத்து என்று டாக்டரிடம் சொல்லி ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) எழுத வைக்க வேண்டும். கூடவே போலீஸ்காரர் நிற்கிற பயத்தில் 'வழுக்கி விழுந்தேன்' என்று சொன்னால், பின்னாளில் போலீஸ் தரப்புக்கு அந்த ஒரு வரியே ஆயுதம். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சிறைக்குள் எடுக்கும்போது செய்யும் மருத்துவப் பரிசோதனைப் பதிவும் நல்ல சாட்சி.

அடுத்தது சிசிடிவி. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராப் பதிவை 18 மாதம், அதற்கு வசதியான கருவி கிடைக்காத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொன்னது. ஆனாலும் 'பதிவு அழிந்துவிட்டது' என்ற பதில் வரும். ஆகவே அந்த வாரத்திலேயே எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில், இன்ன தேதி, இன்ன நேரப் பதிவைப் பாதுகாக்கவும் என்று எழுதி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி, அதிகம் பேர் தோற்கும் கட்டம். புகாரை ஏற்ற ஆணையம் மேலதிகாரியிடம் அறிக்கை கேட்கும். 'மனுதாரர் சொல்வது பொய், அவர் மீதே வழக்கு உள்ளது' என்ற தோரணையில் அறிக்கை வரும். அதன் நகலை உங்களுக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். இதற்குப் பதில் போடாமல் விட்டால் புகார் அங்கேயே முடிந்துபோகலாம். கோபமாகப் பத்துப் பக்கம் எழுதுவதும் உதவாது. அறிக்கையின் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு மறுத்து, எதிரே ஆதாரத்தை இணைக்க வேண்டும். 'அன்று அவர் ஸ்டேஷனுக்கே வரவில்லை' என்றால் சிசிடிவி, செல்போன் அழைப்புப் பதிவு. 'காயமே இல்லை' என்றால் ஏ.ஆர். காப்பி. பிறகு நடக்கும் விசாரணை கோர்ட் போலத்தான்: பிரமாண வாக்குமூலம், ஆவணங்கள், எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை. இந்தக் கட்டத்தில் வக்கீல் இருந்தால் நல்லது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவானாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம், தொலைபேசி எண் 15100.

ஆணையத்தின் பெரிய குறை, அதன் புலனாய்வுப் பிரிவிலும் போலீஸ் அதிகாரிகளே இருப்பது. போலீஸ் மீதான புகாரைப் போலீஸே ஆராய்வது பாதிக்கப்பட்டவருக்கு எப்படி நம்பிக்கை தரும்? சட்டத்தைத் திருத்தினால் தவிர இது மாறாது.

'பரிந்துரைதானே, அரசு கண்டுகொள்ளாது' என்று பலர் சொல்வது இப்போது சரியல்ல. அதே 1993 சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி ஆணையம் செய்யும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு, தவறிழைத்த அலுவலரிடம் வசூலிக்கலாம். அரசு தன் பதிலை ஒரு மாதத்துக்குள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அது கடந்தும் பணம் வராவிட்டால் உள்துறைச் செயலாளருக்கு உத்தரவு நகலுடன் ஒரு மனு, அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அலுவலர் தரப்பு உத்தரவை எதிர்த்து முந்திக்கொண்டு ரிட் போட்டால், உங்களையும் எதிர்மனுதாரராகச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் பக்கம் கேட்கப்படாமலே தடை உத்தரவு வந்துவிடும்.