ஜொட்டேரோவா, மெண்டலேயா? ஆய்வேட்டுக்கு எதை நம்பலாம்

ஜொட்டேரோ, மெண்டலே இரண்டும் படித்த கட்டுரைகளின் விவரங்களைச் சேர்த்துவைத்து, எழுதும்போது மேற்கோளும் துணைநூற்பட்டியலும் போட்டுத்தரும் நிரல்கள். இரண்டும் இலவசம். இரண்டுமே உலாவியில் ஒரு சொடுக்கில் கட்டுரையின் விவரத்தைச் சேர்த்துக்கொள்ளும், கிடைத்தால் பிடிஎஃப்பையும். முதல் மாதம் வித்தியாசமே தெரியாது. நானூறு கட்டுரை சேர்ந்த பிறகுதான் தெரியும்.

பலர் மெண்டலே பக்கம் சாய்வது இலவச இணையச் சேமிப்பிடத்துக்காக: அங்கே 2 ஜிபி, ஜொட்டேரோவில் 300 எம்பி. ஆனால் அந்த 300 எம்பி கோப்புகளுக்கு மட்டும்தான். நூல்விவரங்களுக்கும் குறிப்புகளுக்கும் வரம்பு கிடையாது. கோப்பு ஒத்திசைவை (கோப்புகள் சேவையகத்துக்கும் நகலாவதை) அணைத்து பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைக்கலாம், அல்லது வெப்டாவ் (இணையம் வழியே கோப்புகளைக் கையாளும் ஒரு முறை) தரும் வேறு சேமிப்பகத்தோடு இணைக்கலாம். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஜொட்டேரோவின் தரவுக் கோப்புறையையே கூகுள் டிரைவுக்குள் போட்டுவிடாதீர்கள். ஜொட்டேரோ தன் தரவுக் கோப்பில் பதிந்துகொண்டிருக்கும்போதே டிரைவ் அதை அரைகுறையாக நகலெடுக்கலாம், தரவுத்தளம் சிதையலாம்.

எழுதும் இடத்தில் போட்டியே இல்லை. எழுதும் கோப்புக்குள் மேற்கோளைச் சேர்த்துத்தரும் மெண்டலேயின் செருகி (துணை நிரல்) வேர்டுக்கு மட்டும். ஜொட்டேரோ வேர்டு, லிபர்ஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் ஓடும். மெண்டலே 2013இல் ஆய்விதழ்ப் பதிப்பக நிறுவனமான எல்ஸ்வியர் கைக்குப் போனது. 2021இல் கைபேசிச் செயலி நின்றது, 2022இல் பழைய டெஸ்க்டாப் நிரலின் பதிவிறக்கமும் நின்றது. ஜொட்டேரோ 2006 முதல் திறமூலம், அதாவது அதன் நிரல்மூலம் எல்லாருக்கும் திறந்தது.

நம் ஊர்ப் பெயர்களில் இரண்டுமே சறுக்கும். ‘முருகன் எஸ்’ என்று கட்டுரையில் இருந்தால் கடைசியில் நிற்கும் ‘எஸ்’ குடும்பப்பெயராகப் பதிவாகும்; மேற்கோளில் ‘(எஸ், 2015)’ என்று வரும். பாவம், முருகன் காணாமல் போய்விடுவார். ஜொட்டேரோவில் பெயரின் மேல் வலது சொடுக்கில் முன்பின் மாற்றலாம். பெயரை ஒற்றைப் புலமாக்கி ‘ச. முருகன்’ என்று இடவும் வழியுண்டு, ஆனால் துணைநூற்பட்டியலில் அவர் சகர வரிசையில் போய் நிற்பார். குடும்பப்பெயர்ப் புலத்தில் முருகன், மற்றதில் ‘ச.’ என்று இடுவதே நல்லது.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் உள்ள தமிழ் பிடிஎஃப்களிலிருந்து இரண்டும் தமிழ் விவரங்களைச் சரியாகப் படித்தெடுக்காது. உள்ளே இருப்பது குப்பை எழுத்துகள். கையால்தான் இட வேண்டும்.

மெண்டலேயிலிருந்து மாறுவதானால் முதலில் அங்கே பிடிஎஃப்கள் முழுதும் ஒத்திசைந்தனவா என்று பாருங்கள். ஜொட்டேரோவின் இறக்குமதி மெண்டலே சேவையகத்திலிருந்துதான் எடுக்கும்; கணினியில் மட்டும் இருப்பவை வராது. வந்தபின் இரட்டைப் பதிவுகளை இணையுங்கள். ஒன்று நூல், மற்றது கட்டுரை என வகை வேறுபட்டிருந்தால் இணைக்க விடாது. முதலில் வகையைச் சரிசெய்யுங்கள். பாதி அத்தியாயம் எழுதியவர் மாறவே வேண்டாம், அடுத்த கட்டுரையில் தொடங்கலாம். எதைப் பயன்படுத்தினாலும், மேற்கோள் இணைப்புகளைத் துண்டித்து வெற்றுரையாக்குவதைச் சமர்ப்பிக்கும் நகலில் மட்டும் செய்யுங்கள்.