சில்லு வைத்த நடைவண்டி: உவர்மலை வீட்டில் ஓர் ஆண்டு

அம்மாவுக்கு வயது 79. உயரம் 4 அடி 11 அங்குலம். இந்த இரண்டாவது எண்ணைக் கடையில் ஒருவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியவில்லை. திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஓராண்டுக்குள் மூன்று நடைச் சாதனங்கள் வந்து சேர்ந்ததற்கும், அவற்றுள் விலை கூடிய ஒன்று இன்று சாமான் அறையில் துணி போர்த்தி நிற்பதற்கும் அதுவே காரணம். மற்ற இரண்டும் நாள்தோறும் பயன்படுகின்றன. அவற்றைப் பற்றியும், வீணாய்ப்போன அந்த ஒன்றைப் பற்றியும் எழுதுகிறேன்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அம்மா வீடு திரும்பிய நாளிலேயே, இருக்கையும் கூடையும் நான்கு சில்லுகளும் உள்ள வண்டியொன்றை வாங்கிவிட நான் ஆயத்தமாக இருந்தேன். வைத்தியசாலையில் அம்மாவுக்கு நடை பழக்கிய இயன்மருத்துவர்தான் தடுத்தார். "கையை ஊன்றிப் பாரம் போட்டு நடக்கிறவருக்கு ஓடுகிற வண்டி எதற்கு? பாரம் போட்டால் அது முன்னால் போய்விடும்" என்று அவர் சொன்னதுதான் இந்தத் தெரிவின் முதற் கணக்கு. காலில் நோவு இருப்பதால் உடற்பாரத்தின் ஒரு பங்கைக் கைகளுக்கு மாற்ற வேண்டியவருக்கு தூக்கி வைத்து நடக்கும், சில்லில்லாத நான்குகால் சட்டமோ, முன்கால்களில் மட்டும் சில்லு உள்ள சட்டமோ பொருந்தும். கால்கள் பாரத்தைத் தாங்கும், ஆனால் நிலை தடுமாறுகிறது அல்லது விரைவில் களைப்பு வருகிறது என்பவருக்கே நான்கு சில்லு வண்டி உரியது. பார்க்கின்சன் நோயுள்ளவர்களில் சிலருக்கு நடை தன்னையறியாமல் விரைவுபடும் என்பதால், பிடித்தால் நிற்கும் சாதாரண பிறேக் ஆபத்தாகலாம். பிடித்தால் ஓடி, விட்டால் நிற்கும் எதிர்வகைப் பிறேக் உள்ள வண்டிகள் அவர்களுக்கென்றே உண்டு. இவற்றையெல்லாம் விற்பவர் சொல்வார் என்று எதிர்பார்க்க இயலாது. அவர் இருக்கையைத்தான் தட்டிக் காட்டுவார்.

ஆகவே முதலில் வாங்கியது மடிக்கக்கூடிய சாதாரண அலுமினியச் சட்டம். முதற் சில வாரங்கள் அதைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். பின்னர் முன்கால் இரண்டிலும் 5 அங்குலச் சில்லுகளைப் பூட்டிக்கொண்டோம். இதன் வேலைப்பாடு எளிமையானது, ஆனால் கெட்டித்தனமானது: தள்ளும்போது முன்சில்லு உருளும், கையால் அழுத்தியவுடன் பின்கால்களின் றப்பர் தரையைக் கவ்விக்கொள்ளும். பிறேக் என்று தனியாக ஒன்றும் தேவையில்லை. வீட்டின் சீமெந்துத் தரையில் இதைவிட நம்பிக்கையான சாதனத்தை நான் காணவில்லை. அந்த றப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் குழாயின் விளிம்பு தரையில் படத் தொடங்கினால் வழுக்கும் என்பதால், மாதம் ஒருமுறை சட்டத்தைக் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. படலைக்கு வெளியே மட்டும் இது உதவாது. சிறு கல்லுக்கே நின்றுவிடும்; ஒவ்வொரு நிறுத்தத்திலும் அம்மாவின் உடல் முன்னால் சாயும்.

நான்கைந்து மாதங்களில் கால் தேறி, வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா கேட்கத் தொடங்கியபோது இயன்மருத்துவரும் நான்கு சில்லு வண்டிக்குச் சம்மதித்தார். அப்போதுதான் பிழை விட்டேன். கொழும்புக் கடையொன்றுக்குத் தொலைபேசியில் சொல்லி, படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பினேன். வந்த வண்டியின் கைப்பிடி, மிகத் தாழ்த்திய நிலையிலும் தரையிலிருந்து 32 அங்குலம். இருக்கை 21 அங்குலம். அம்மா அதைப் பிடித்தபோது தோள்கள் இரண்டும் காதுவரை உயர்ந்தன. இருக்கையில் அமர்ந்தால் பாதம் நிலத்தில் படவில்லை. "இது ஓடுது தம்பி, என்னையும் இழுத்துக்கொண்டெல்லோ ஓடுது" என்றார். உண்மைதான்: கை உயர்ந்து நிற்கும்போது பிறேக்கை அழுத்த விரல்களில் வலு இராது. திருப்பி அனுப்பக் கேட்டதற்கு, பெட்டி பிரித்த பொருளைக் கடை ஏற்காது என்ற பதில் வந்தது. கடையைக் குறை சொல்ல இடமுண்டு என்றாலும், அளவு எடுக்காமல் வாங்கியவன் நான்.

அளவு எடுப்பது இரண்டு நிமிட வேலை. நிமிர்ந்து நின்று, கைகளைப் பக்கவாட்டில் தளர விட்டு, மணிக்கட்டின் மடிப்புக் கோடு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று பார்க்க வேண்டும். கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தால், பிடிக்கும்போது முழங்கை ஏறக்குறைய 15 முதல் 30 பாகை வரை மடிந்து நிற்கும். அம்மாவுக்கு இது வெறுங்காலுடன் 28½ அங்குலம். வெளியே போடும் தடித்த செருப்புடன் 29½. வெளிநாட்டுக் கையேடுகள் சப்பாத்துடன் அளக்கச் சொல்கின்றன; நாமோ வீட்டுக்குள்ளும் கோவில் வீதியிலும் வெறுங்காலுடன் நடப்பவர்கள். எங்கே அதிகம் நடப்பாரோ அந்த நிலையில் அளக்க வேண்டும். ஓர் அங்குல வேறுபாட்டை நான் பெரிதாக நினைத்திருக்கவில்லை. நாள் முழுதும் தோளில் அதைச் சுமந்த அம்மாவுக்கு அது தெரிந்தது. குள்ளமானவர்களுக்கென்று சிறிய அளவு வண்டிகள் செய்யப்படுகின்றன என்பதையே இந்த அலைச்சலில்தான் அறிந்தேன். எங்கள் தாய்மாரில் பலருக்கு அதுதான் பொருந்தும். கடைகளில் முன்னால் நிற்பதோ பெரிய அளவு.

இப்போது பயன்படும் மூன்றாவது வண்டி நகரத்திலுள்ள ஒரு மருத்துவ உபகரணக் கடையில், அம்மாவை ஓட்டோவில் அழைத்துச் சென்று, அங்கேயே நடக்கவிட்டு வாங்கியது. அலுமினியச் சட்டம், எடை 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, கைப்பிடி 28 அங்குலத்திலிருந்து உயர்த்தலாம், இருக்கை 18 அங்குலம், சில்லுகள் 8 அங்குலம். விலை, முதலில் வாங்கிய சட்டத்தைப்போல் ஐந்து மடங்கு. நடைவண்டி என்றதும் அம்மா முதலில் முகம் சுளித்தார். குழந்தைக்கு நடை பழக்கும் மூன்று சில்லு மரவண்டிக்கும் அதே பெயர்தானே. "தச்சன் பிள்ளைகளுக்குச் செய்து குடுக்கிற சாமானைத் தள்ளிக்கொண்டு நான் தெருவால போறதோ?" என்று கேட்டவரிடம், இந்த வகை வண்டியை 1978இல் உருவாக்கியவர் போலியோவால் தாமே நடை தளர்ந்த ஐனா விஃபால்க் என்ற சுவீடன் நாட்டுப் பெண்மணி என்று சொன்னேன். "அப்ப அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார், அதன்பின் மறுக்கவில்லை.

அந்தப் பெண்மணிக்கு எங்கள் ஒழுங்கை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கொங்கிறீற் போட்ட ஒழுங்கையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. கொங்கிறீற் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில்தான் சில்லின் விட்டம் பேசுகிறது. பழைய வண்டியின் 6 அங்குலச் சில்லு மணலில் புதைந்து நின்றுவிடும். 8 அங்குலம் சிணுங்கிக்கொண்டாவது கடக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் முற்றத்தில் வசிப்பவர்கள் இதைவிடப் பெரிய, அகலமான சில்லையே தேட வேண்டும். வடிகான் மூடிகளின் இடைவெளிகளில் முன்சில்லு திரும்பிச் சிக்கிக்கொள்வது எந்த வண்டிக்கும் உள்ள தொல்லை. அவற்றை நேராகக் கடக்காமல் சுற்றிப் போகப் பழக்கினேன். வீதியோரக் கட்டு போன்ற சிறு உயரங்களில் பிறேக்கைப் பிடித்தபடி முன்சில்லுகளைச் சற்றே தூக்கி ஏற்றலாம். படிக்கட்டில் இதைப் பயன்படுத்தவே கூடாது.

இனி பிறேக். இந்த வண்டியில் ஏதேனும் ஒன்றைப் பற்றி நீளமாக எழுத வேண்டுமென்றால் இதைத்தான். நெம்பியை மேலே இழுத்துப் பிடித்தால் வேகம் குறையும். கீழே அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். உள்ளே வேலை செய்வது சைக்கிளில் உள்ளதைப் போன்ற ஒரு கேபிள். அது பின்சில்லின் மேல் ஓர் உலோகத் தகட்டை நேரடியாக அழுத்துகிறது. இதிலிருந்து மூன்று விடயங்கள் பின்தொடர்கின்றன. மூன்றையும் பட்டுத்தான் அறிந்தோம். புதுக் கேபிள் சில மாதங்களில் தளர்கிறது. மூன்றாம் மாதம், பூட்டிய வண்டி அம்மா அமரும்போது இரண்டு அங்குலம் பின்னால் நகர்ந்தது. நல்ல வேளையாகப் பின்னால் சுவர் இருந்தது. தெருமுனையில் சைக்கிள் திருத்துபவர் கேபிள் முனையிலுள்ள சிறு நட்டைத் திருகி ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அடுத்தது, தகடு அழுத்துவது சில்லின் மேற்பரப்பையே என்பதால், சில்லு நனைந்தால் பிடி குறைகிறது. மாரியில், ஈரச் சில்லுடன் உவர்மலை இறக்கத்தில் இறங்குவதை நாங்கள் அடியோடு நிறுத்திவிட்டோம். கடைசியாக, சில்லு தேய்ந்தால் பிறேக்கும் தளரும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும்போது பூட்டிவிட்டு முழு வலுவுடன் தள்ளிப் பாருங்கள், பின்சில்லு உருளக்கூடாது. முதுமையில் விரல் மூட்டு வீங்கியிருப்பவர் நெம்பியைத் தாமே பிடித்து, பூட்டி, விடுவித்துக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். மகனின் கைவலு இங்கே சாட்சியாகாது.

கடற்காற்று அலுமினியத்தை அதிகம் தொடவில்லை. ஆனால் திருகாணிகளும் கேபிளின் வெளித்தெரியும் முனைகளும் ஓராண்டுக்குள் செம்மை பூசிவிட்டன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, உலர்த்தி, முனைகளில் ஒரு துளி எண்ணெய் விடுகிறேன். தகடு படும் இடத்தில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. இரும்புச் சட்டம் கொண்ட மலிவு வண்டிகளை இந்த ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இருக்கை விற்பனைக்கு உதவும் அளவுக்கு இல்லாவிடினும், பயன்படத்தான் செய்கிறது. கோணேசர் கோவிலுக்குப் போனபோது, பிரெட்றிக் கோட்டைக்குள் ஏறும் வீதியில் அம்மா நான்கு தடவை அமர்ந்து களைப்பாறினார். முன்பு அப்படியொரு பயணத்தை நினைக்கவே முடியாது. ஒரு தடவை மான் ஒன்று வந்து கூடைக்குள் தலையை விட்டு, அர்ச்சனைக்கு வைத்திருந்த வாழைப்பழத்தை இழுத்தது. வண்டி அசையவில்லை என்பதையும் பிறேக்கின் கணக்கில் எழுதலாம். திரும்பும்போதுதான் கவனம் வேண்டும்: இறக்கத்தில் வண்டி முந்திக்கொண்டு போகப் பார்க்கும் என்பதால், இரு நெம்பிகளையும் மெதுவாகப் பிடித்தபடியே இறங்க வேண்டும், உடன் வருபவர் பின்னால் அல்ல, பக்கத்தில் நடக்க வேண்டும். கோவில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அமர்ந்திருப்பவரைத் தள்ளிக்கொண்டு போவதற்கு இது சக்கர நாற்காலி அல்ல. காலை வைக்கத் தட்டு இல்லை, முன்சில்லும் சிறியது. உள்துறைமுக வீதியில் ஒரு மாலை என் மகன் விளையாட்டாக அப்பம்மாவை இருத்தித் தள்ள, நடைபாதைக் கல்லின் பிளவில் சில்லு நின்று, வண்டி சரிந்தது. நான் தோளைப் பிடித்ததால் காயமில்லை. அதற்குப் பிறகு மகனுக்கு வண்டியைத் தொட அனுமதியில்லை. அமரும் முறையும் பழக்கப்படுத்த வேண்டியது: முதலில் பூட்டு, பிறகு திரும்பி நின்று பின்தொடையில் இருக்கை படுகிறதா என்று உணர்தல், அதன் பிறகே அமர்தல். சேலையின் முந்தானை பின்சில்லில் மாட்டாதபடி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும் என்பதை எந்தக் கையேடும் சொல்லவில்லை.

குறைகளில் பெரியது அகலம். வண்டி 24 அங்குலம்; எங்கள் குளியலறைக் கதவு 23. அம்மாவைப் போன்ற ஒருவருக்குக் கதவு நிலையைப் பிடித்து, வண்டியை விட்டு, உள்ளே எட்டிப் பிடிப்பது அபாயம். விழுபவர் பலர் அங்கேதான் விழுகிறார்கள். அதனால் பழைய இரு சில்லுச் சட்டம் குளியலறை வாசலிலேயே நிற்கிறது, வீட்டுக்குள் அதுதான். நான்கு சில்லு வண்டி விறாந்தையில் நின்று வெளியே போக மட்டும். ஒரே வண்டியை உள்ளும் புறமும் ஓட்டலாம் என்று விற்பவர் சொன்னால், வீட்டின் மிகக் குறுகிய கதவை அளந்துவிட்டு நம்புங்கள். மடித்தால் ஓட்டோவில் முழங்காலுக்கு முன்னால் அடங்கும். பஸ்ஸில் ஏற்றலாம், ஆனால் அம்மாவையும் வண்டியையும் ஒருசேர ஏற்ற ஓர் ஆள் போதாது.

ஐப்பசி மழைக்கு முன் இரண்டு பிறேக் கேபிள்களையும் புதிதாகப் போடச் சொல்லிச் சைக்கிள் கடையில் விட்டிருக்கிறேன். வண்டி நாளை வரும் என்று சொல்லியும், இன்று வெள்ளிக்கிழமை என்பதை அம்மா மூன்று தடவை நினைவூட்டிவிட்டார்.