உப்புவெளிக் கடையின் மணி பிளான்ட்: கன்றை வாங்கலாம், சாடியை வாங்க வேண்டாம்

திருகோணமலையில், நிலாவெளி வீதியோரமாக உப்புவெளிப் பக்கத்தில் நிழல்வலை கட்டி நடத்தப்படும் பூக்கன்றுக் கடையொன்றில், வீட்டினுள் வளர்ப்பதற்கான மணி பிளான்ட் மூன்று விதமாக விற்கப்படுகிறது. கறுப்புப் பையில் உள்ள கன்று 350 ரூபா, வெள்ளைப் பிளாஸ்டிக் தொங்குசாடியில் நட்டது 1,400 ரூபா, கண்ணாடிப் போத்தலில் நீரூற்றி வேர்விடச் செய்தது 600 ரூபா. மூன்றையும் வாங்கி வைத்துப் பார்த்ததில், முதலாவதை மட்டுமே தயக்கமின்றிப் பரிந்துரைக்க முடிகிறது.

கன்றில் குறை சொல்ல இடமில்லை. பையைக் கிழித்தபோது வேர்கள் வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தன. இலையின் அடிப்புறத்தில் மாவுப்பூச்சி இல்லை. ஒவ்வொரு கணுவிலும் பழுப்பு நிற வேர்முளை துருத்திக்கொண்டிருந்தது. கணு இல்லாத தனி இலை நீரில் வேர்விட்டாலும் கொடியாகாது என்பதால், வாங்குபவர் பார்க்க வேண்டியது இலையின் பளபளப்பையல்ல, கணுக்களையே. பசிபிக் சமுத்திரத்தின் மூரியா தீவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி, மரத்தைப் பற்றி ஏறினால் முறம்போல் அகன்ற இலைகளை விடும். தொங்கவிட்டால் இலை சிறுத்தே இருக்கும். இலை சிறுக்கிறதென்று முறையிட்ட ஒருவருக்கு இதை விளக்காமல், கடையில் உரப் பக்கற்று ஒன்றை விற்றனுப்பியது எனக்கு உவப்பாக இல்லை.

சிக்கல் தொங்குசாடியில்தான் இருக்கிறது. அதன் அடியில் துளையே இல்லை. உள்ளே நிரப்பியிருப்பதோ வெறும் தென்னந்தும்புத் தூள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் வடிகிறது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நம் ஊரில், யன்னலும் மின்விசிறியுமாகச் சேர்ந்து தூளின் மேற்பரப்பை ஒரே பகலில் உலர்த்திவிடுகின்றன; அடியிலோ நீர் அப்படியே தேங்கி நிற்கிறது. மேலே காய்ந்திருப்பதைக் கண்டு மீண்டும் மீண்டும் நீரூற்றுவதால் வேர் அழுகி, இலைகள் அடியிலிருந்து மஞ்சளாகின்றன. அதைப் பார்ப்பவர் நீர் போதவில்லையென எண்ணி இன்னும் ஊற்றுகிறார். விரலை இரண்டு கணுவளவு உள்ளே விட்டுப் பார்த்து, அங்கும் உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியபின் இடைவெளியை இன்னும் நீட்டலாம். கரையோரக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், சாடி விளிம்பில் வெண்படலம் படிந்து இலைநுனி கருகும். துளையுள்ள சாடியென்றால் இடைக்கிடை மழைநீரைத் தாராளமாக ஊற்றி அந்த உப்பைக் கழுவி வெளியேற்றலாம், இந்தச் சாடியில் அதற்கும் வழியில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள், சூடாக்கிய கம்பியால் நான்கைந்து துளைகளிட்டு, தூளுடன் ஆற்றுமணலும் கரித்துண்டுகளும் கலந்து மாற்றி நடுவதே வழி.

போத்தல் கன்று பார்வைக்கு அழகுதான், ஆனால் விற்பவர் சொல்ல வேண்டியதொன்றைச் சொல்லாமல் விடுகிறார். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை மறக்காத ஒரு மாவட்டத்தில், வரவேற்பறையில் திறந்த நீர்ப்பாத்திரம் வைப்பது சிறிய விடயமன்று. வாரம் ஒருமுறை நீரை மாற்றினால் மட்டும் போதாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே போத்தலின் உட்சுவரில் நுளம்பு முட்டைகள் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் தூரிகையால் தேய்த்துக் கழுவவும் வேண்டும். குறுகிய கழுத்துள்ள அந்தப் போத்தலுக்குள் எந்தத் தூரிகையும் நுழையாது. இதை வாங்காமல் விடுவதே நல்லது.

வெளிச்சம் குறித்துக் கடையில் கொடுத்த ஆலோசனை சரியானது: நேர்வெயில் படாத, ஆனால் பகலில் விளக்கின்றிப் பத்திரிகை வாசிக்கக்கூடிய இடம். இருள் மிகுந்தால் மஞ்சள் வரிகள் மங்கி இலை முழுப் பச்சையாகிவிடும். இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒட்சலேற்று படிகங்கள் இருப்பதால், கடித்தால் வாய் எரிந்து வீங்கும் என்பதை மட்டும் அவர்கள் யாருக்கும் சொல்வதில்லை. பூனையோ தவழும் குழந்தையோ உள்ள வீட்டார், தாழத் தொங்கும் கொடியை அங்கேயே கத்தரித்துத் தரும்படி கேட்கலாம். கத்தரித்த துண்டுகளையும் ஈரத்தாளில் சுற்றிப் பணம் வாங்காமல் கொடுத்துவிடுகிறார்கள்.