வன்னி வளவில் மல்பெரி: ஐப்பசியில் நட்டதும் தையில் நட்டதும்

கனடாவில் இருக்கிற எங்கள் சொந்தங்கள் பின்வளவில் பிளக்பெரி வைத்திருக்கிறார்கள். பனி உருகி மண் இளகியதும், செடி துளிர்க்க முன்னம் நடுவார்கள். ஆனால் அந்தச் செடிக்குக் குளிர்காலத்தில் 7 பாகைக்குக் கீழே சில நூறு மணித்தியாலமாவது உறக்கம் வேண்டும். எங்கள் மார்கழிப் பனி அதற்குக் காணாது. கறுத்த பழம்தான் ஆசையென்றால் வன்னிக்கு மல்பெரி. ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வளவில் பல வருடமாக நின்று காய்க்கிறது.

நடுகைக்கு நான் சொல்லும் மாதம் ஐப்பசி. ஆவணிக் கடைசியில் பென்சில் மொத்தத்தில் முற்றின தடியாக, மூன்று நாலு கணு வைத்து வெட்டிப் பையில் ஊன்றி, நிழலில் வையுங்கோ. ஐப்பசி மழையில் மண் நன்றாக நனைந்ததும் நிலத்துக்கு மாற்றலாம். வேரில்லாத வெறும் தடி கார்த்திகை அடைமழையில் அழுகிப்போகும்.

பையில் தடி கெதியாக இலை விடும். அதை நம்பி மாற்றவேண்டாம். தடிக்குள் இருந்த சத்தில் வந்த துளிர் அது, கீழே வேர் இருக்காது. இழுத்துப் பார்த்தால் அப்போதுதான் வரத் தொடங்கின வெள்ளை வேரும் அறுந்துவிடும். பையின் ஓட்டையால் வேர் எட்டிப் பார்க்கும் வரை பொறுங்கோ.

வேலியோரம் தையில் நட்டதும் நிற்கிறது. பிடித்தது நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் வேர் ஆழம் போக முன்னமே பங்குனி வெயில் வந்துவிட்டது. பிறகு கச்சான் என்கிற வறண்ட காற்று. அடுத்த மழை வரை கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றித்தான் காப்பாற்றினோம். ஐப்பசியில் நட்டதற்கு முழு மாரியும் கிடைத்ததால் அதன் முதல் கோடையில் எங்களுக்கு அந்தப் பாடு இருக்கவில்லை.

மண் காயாமல் காய்ந்த இலை, மட்டை பரப்பி மூடாக்குப் போடும்போது தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கோ. தண்டோடு ஒட்டிக் கிடக்கிற காய்ந்த மட்டையால் கரையான் ஏறும்.

வளர்ந்த செடிக்கு மாரி ஓய்ந்ததும் கொப்பு வெட்டி, மிச்ச இலையை உருவி, மாட்டெருவும் தண்ணீரும் கொடுத்தால் புதுத் துளிரோடு பூ வரும். சிவப்பில் ஆய்ந்தால் புளிக்கும். நன்றாகக் கறுத்து, தொட்டவுடன் கையோடு வருகிற பழம்தான் பழம். அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

குருவிக்கு வலை போதும், குரங்குக்குப் போதாது. அதனால் செடியைக் குசினிப் பக்கம், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வையுங்கோ.