இரட்டைக் குழிக் கழிப்பறை: ஒன்பது வருடப் புழக்கத்துக்குப் பிறகு

2016இல் கொல்லையில் கழிப்பறை கட்டினோம். தூய்மை பாரதத் திட்டத்தில் 12,000 ரூபாய் மானியம், மீதி கைக்காசு. ஊரில் பாதிப் பேர் செப்டிக் டேங்க் கட்டினார்கள். அதிலிருந்து வழிகிற தண்ணீருக்குத் தனியாக உறிஞ்சுகுழி வேண்டும். பலரும் அதை விட்டுவிட்டுத் தெருச் சாக்கடையில் குழாயை நீட்டிவிட்டார்கள். எங்களுடையது திண்டுக்கல் பக்கத்துச் செம்மண் பூமி, நிலத்தடி நீரும் ஆழத்தில்தான். அதனால் இரட்டைக் குழி போதும் என்று முடிவு செய்தோம்.

மூன்றடி விட்டத்தில் ஓட்டை போட்ட உறைகள் இறக்கிய இரண்டு குழி, அவற்றுக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி. தொட்டியிலிருந்து ஒரு குழிக்கு மட்டும் வழி விட்டு, இன்னொன்றை அடைத்து வைக்க வேண்டும். அது நிரம்பியதும் வழியை அடுத்ததற்கு மாற்றிவிட்டு, நிரம்பியதை மட்க விட வேண்டும். தண்ணீரும் வாயுவும் ஓட்டை வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால் அடியில் சிமெண்ட் பூசக் கூடாது, காற்றுக் குழாயும் தேவையில்லை. இதைக் கொத்தனாரை நம்ப வைப்பதற்குள் அரை நாள் போய்விட்டது. குழாய் இல்லாமல் நாறும் என்று கடைசி வரை சொன்னார். நாறவில்லை.

ஆனால் வேறொன்றில் கோட்டை விட்டார். தொட்டியில் இரண்டு வழியையும் திறந்தே விட்டுப் போய்விட்டார். இரண்டாம் மாதம் ஏதோ சந்தேகத்தில் மூடியைத் தூக்கியபோதுதான் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தே நிரம்பினால் எதற்கு இரண்டு குழி? ஒரு செங்கல்லும் களிமண்ணும் வைத்து நானே அடைத்தேன். உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள்.

ஐந்து பேர் புழங்கினோம். முதல் குழி நிரம்ப மூன்றரை வருடம் ஆனது. செங்கல்லை மாற்றி வைத்து, முதல் குழியை இரண்டு வருடத்துக்கு மேல் சும்மா விட்டோம். 2022 சித்திரையில் மூடியைத் திறந்தோம். காப்பித்தூள் மாதிரி உதிரி மண். வாடையே இல்லை. நடுவில் ஒரு ஷாம்பு பாக்கெட் மட்டும் மட்காமல் பளபளவென்று கிடந்தது.

அந்த மண்ணை எடுப்பதுதான் பெரிய பாடு. கூலிக்கு ஆள் வர மறுத்தார்கள். யாரைக் கூப்பிடலாம் என்று ஊரில் சிலர் யோசனை சொன்னார்கள்; அந்த யோசனை முழுக்கச் சாதிதான். மட்காத மலத்தைக் கையால் அள்ள ஆள் வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இது மட்கிய எரு. ஊர் வாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. சரி என்று நானும் மகனும் மண்வெட்டியோடு இறங்கினோம். ஒரு காலைப் பொழுது வேலை. எடுத்ததெல்லாம் தென்னைக்குப் போனது. அம்மா மட்டும் அந்த வருடம் அந்த மரத்து இளநீரைத் தொடவில்லை.

குறைகளும் உண்டு. ஐப்பசி அடைமழையில் குழிக்குள் தண்ணீர் ஏறி, ஊற்றுகிற தண்ணீர் இறங்காமல் இரண்டு நாள் நின்றது. குழியைச் சுற்றி மண் அணைத்து மேடாக்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. விருந்தாளிகள் வாளி வாளியாக ஊற்றுவார்கள். சரிவு அதிகமுள்ள கிராமத்துக் கழிப்பறைக் கோப்பைக்கு இரண்டு லிட்டர் தாராளம். ஃபினாயில் ஊற்றினால் மட்க வைக்கிற நுண்ணுயிர் செத்துவிடும், அதனால் துடைப்பமும் தண்ணீரும்தான். கிணறு பக்கத்தில் இருந்தாலோ, டெல்டா மாதிரி நீர் மேலேயே கிடக்கிற ஊரானாலோ இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குளியல் தண்ணீரையும் சமையலறைத் தண்ணீரையும் இந்தக் குழிக்குள் விடவே இல்லை. அது தனியாகக் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது. பாத்திக்கு முன்னால் ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி ஒன்று. எண்ணெய்ப் பிசுக்கு படிந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணல் அடைத்துக்கொள்ளும். அதைக் கிளறுகிற வாடைக்குக் கழிப்பறைக் குழி எவ்வளவோ மேல். தட்டில் மிஞ்சிய குழம்பை வழித்துப் போட்டுவிட்டுக் கழுவச் சொல்லி ஒன்பது வருடமாகக் கத்துகிறேன். எங்கே கேட்கிறார்கள்.

இந்தச் சித்திரையில் இரண்டாவது குழியையும் எடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மாதுளைக்குப் போட ரெண்டு கூடை கிடைக்குமா என்று கேட்டார்.