டர்பனில் ஒரு சிறுநீரக கிளினிக்: உப்பு தேடி அலையும் நோயாளியின் மதிப்புரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. குறைந்த ஒன்று வரவேற்பு மேசைக்கும் பார்க்கிங்குக்கும். டாக்டருக்கும் ரத்தம் எடுக்கும் சிஸ்டருக்கும் மட்டும் தனியாகப் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்தரை போடுவேன். இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன், பெரியா மேட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடி. கீழே சில குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. டர்பனில் இருப்பவர்கள் நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

சிறுநீரக கிளினிக் என்றதும் டயாலிசிஸா என்று கேட்பார்கள். இல்லை. என் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) அளவு எப்போதும் சுத்தமாக இருக்கும். எனக்கு இருப்பது கிட்டெல்மன் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டி நன்றாகவே வேலை செய்கிறது. அதற்கு அடுத்து வரும் நுண்குழாயில்தான் பிறவிக் கோளாறு. போகிக்கு வீட்டுச் சாமானையெல்லாம் வாசலில் எடுத்துப் போட்டு, வேண்டியதை மட்டும் மறுபடி உள்ளே அடுக்குவோமே, சிறுநீரகம் தினமும் அதைத்தான் செய்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து வெளியே தள்ளுகிறது. அப்புறம் நுண்குழாய்கள் உப்பு, சர்க்கரை, தண்ணீர் எல்லாவற்றையும் பொறுக்கி உள்ளே திருப்பி அனுப்பி, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக விடுகின்றன. இந்தக் குழாயின் கடைசிப் பகுதிக்குச் சற்று முன்னால் உப்பில் 5 முதல் 10 சதவீதத்தைத் திரும்ப எடுக்கும் ஒரு இடம் இருக்கிறது. எனக்கு அங்கேதான் கசிவு. உப்போடு பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்து போய்விடும்.

தென்காசியில் சின்னப் பெண்ணாக இருந்தபோது கல் உப்பை வாயில் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன். ஊறுகாய் ஜாடியின் அடியில் தேங்கும் உப்பு எண்ணெயை வழித்துத் தின்பேன். இந்தப் பிள்ளைக்கு நாக்கு நீளம் என்று அம்மா திட்டுவார். ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், விரல்கள் மடங்கிக்கொள்ளும். சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். கல்யாணமாகி வீட்டுக்காரரோடு இங்கே வந்த பிறகு, டர்பன் கோடையின் புழுக்கத்தில் வியர்த்து ஊற்றியபோதுதான் விஷயம் முற்றியது. ஜனவரியில் ஒரு நாள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். பொட்டாசியம் 2.4. குறைந்தது 3.5 இருக்க வேண்டும்.

அப்போது பார்த்த மருத்துவர் (இந்த கிளினிக் இல்லை, வேறு இடம்) என் வீட்டுக்காரரைத் தனியாக வெளியே கூப்பிட்டு, "சாப்பிட்டுவிட்டு ரகசியமாக வாந்தி எடுக்கிறாளா, உடம்பு இளைக்க நீர் மாத்திரை ஏதாவது போடுகிறாளா" என்று கேட்டிருக்கிறார். கேள்வியே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ரத்தத்தை மட்டும் பார்த்தால் வாந்தி, நீர் மாத்திரை, என் நோய் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் கேட்டவர் சிறுநீரில் குளோரைடு பார்த்திருக்கலாம். வாந்தி எடுப்பவர்களுக்கு அது மிகக் குறைவாக இருக்கும், என்னைப் போன்றவர்களுக்கு அதிகமாக இருக்கும். நீர் மாத்திரை சந்தேகத்துக்கும் சிறுநீரிலேயே தனிச் சோதனை உண்டு. ஒரு சின்ன டப்பா சிறுநீரில் தீர வேண்டிய விஷயத்துக்கு என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என் தட்டையும் குளியலறைக் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே இந்த கிளினிக்கில் முதல் நாள் நடந்தது எனக்குப் பெரிய விஷயம். நாற்காலியில் உட்காரும் முன்பே சிஸ்டர் டப்பாவைக் கையில் கொடுத்தார். ரத்தமும் சிறுநீரும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்றார். சோடியம், பொட்டாசியம், குளோரைடு, மக்னீசியம், கால்சியம், கிரியாட்டினின் என்று இரண்டுக்கும் ஒரே பட்டியல். நுண்குழாய்க் கோளாறுக்கு டாக்டர் தேடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: கிரியாட்டினின் நார்மல், வீட்டுக்குப் போ என்று சொல்கிறார்களா, அல்லது சிறுநீரில் எவ்வளவு போகிறது என்று பார்க்கிறார்களா?

சிஸ்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ரத்தம் எடுக்கும்போது கையை முஷ்டி பிடித்துப் பிடித்து விடச் சொல்ல மாட்டார். கட்டும் பட்டையை நரம்பு தெரிந்ததும் தளர்த்திவிடுவார். குழாயைக் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துவார். ரத்தச் சிவப்பணுக்களுக்குள் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. எடுக்கும்போது அவை உடைந்தால் அந்தப் பொட்டாசியம் வெளியே வந்து கணக்கைக் கூட்டிக் காட்டும். முஷ்டி பிடித்தாலும் கூடும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், செய்கிறவர்கள்தான் குறைவு.

ஒரு ஷாப்பிங் சென்டரில் உள்ள ரத்தம் எடுக்கும் இடத்தில் எனக்கு நடந்தது இது. நரம்பு கிடைக்கவில்லை என்று மெல்லிய ஊசியைப் போட்டு, சிரிஞ்சை இழுத்து இழுத்து எடுத்தார்கள். பொட்டாசியம் 3.9 என்று ரிப்போர்ட் வந்தது. அதை நம்பி அன்று பார்த்த மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். காகிதத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், மாதிரியில் சிவப்பணு உடைந்திருக்கிறது என்று ஒரு வரி இருந்ததை யாரும் படிக்கவில்லை. இந்த கிளினிக் டாக்டர் முதலில் படித்தது அந்த வரியைத்தான். மறுபடி எடுத்தபோது 2.7.

டாக்டர் அவசரப்படாதவர். அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரமும் நம்மோடுதான் இருப்பார். ஒரு காகிதத்தில் நீளமான குழாயை வளைத்து வளைத்து வரைந்தார். 1962-ல் பார்ட்டர் விவரித்த நோய் கொஞ்சம் முந்திய வளைவில், 1966-ல் கிட்டெல்மன் விவரித்தது அடுத்த வளைவில். முந்தியதில் சிறுநீரில் கால்சியம் பெரும்பாலும் கூடும், என்னுடையதில் குறையும். என் ரிப்போர்ட்டில் அது அடிமட்டம். பழுதாகிற மரபணுவை 1996-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டன் குழு கண்டுபிடித்தது: எஸ்எல்சி12ஏ3. அது உருவாக்கும் புரதம்தான் உப்பை உள்ளே திருப்புகிறது. சாட்ஸ்வர்த்து ஆயாமார் பிபிக்குப் போடும் தயசைடு நீர் மாத்திரை அடைப்பதும் இதே புரதத்தைத்தான். அவர்கள் காசு கொடுத்து வாங்குவது எனக்குப் பிறப்பிலேயே இலவசம்.

மரபணுச் சோதனைக்கு ரத்தம் வெளிநாட்டுக்குப் போனது. தாயிடமிருந்து வந்த பிரதியிலும் தந்தையிடமிருந்து வந்த பிரதியிலும் அதே ஒரே பிழை. அப்பா கட்டியது தாய்மாமன் மகளை என்று நான் சொன்னதும் டாக்டர் முகம் சுளிக்கவில்லை, உபதேசம் செய்யவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். இதற்கே ஒரு நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம்.

ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு நோய் வராது. ஆனால் லிஃப்டன் குழு 2008-ல் அமெரிக்காவில் பல தலைமுறையாக நடக்கும் ஃப்ராமிங்காம் இதய ஆய்வில் இருந்தவர்களைப் பார்த்தபோது, இப்படி உப்பு கசியும் மரபணுக்களில் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு ரத்த அழுத்தம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததாம். எழுபதைத் தாண்டிய என் அம்மாவுக்கு இன்னும் பிபி மாத்திரை கிடையாது. இதுதான் காரணமா தெரியாது, ஆனால் அம்மாவிடம் சொன்னதும் அவருக்கு ஒரே பெருமை. நேர் எதிர்க் கதை இந்த நாட்டிலேயே இருக்கிறது. கேப்டவுனில் பிரையன் ரெய்னரும் கூட்டாளிகளும் 2003-ல் எழுதியது: குழாயின் கடைசியில் உள்ள சோடியம் வாய்க்காலில் ஆர்563க்யூ என்ற மாற்றம் இருப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுவதோடு தொடர்பு தெரிந்தது. அந்த வாய்க்காலை அடைக்கும் மருந்து அமிலோரைடு. அதே அமிலோரைடுதான் எனக்கும், ஆனால் பிபிக்காக இல்லை, பொட்டாசியத்தைப் பிடித்து வைக்க.

மருந்து விஷயத்தில் இவர்கள் செய்த மாற்றம் சின்னது, பலன் பெரியது. முதலில் மக்னீசியத்தைச் சரி செய்தார்கள். அது குறைவாக இருக்கும்வரை எவ்வளவு பொட்டாசியம் போட்டாலும் ஓட்டைப் பானைதான். மக்னீசியத்தை ஒரே வேளையில் கொட்டினால் வயிறு கலக்கி, உள்ளதும் போய்விடும் என்று நாலாகப் பிரித்துச் சாப்பிடச் சொன்னார்கள். பொட்டாசியம் குளோரைடாகத்தான் இருக்க வேண்டும், சிட்ரேட்டு வேண்டாம், ஏனென்றால் எனக்குக் குளோரைடும் சேர்ந்துதான் போகிறது. மெல்லக் கரையும் மாத்திரையின் மெழுகுக் கூடு சில சமயம் மலத்தில் முழுசாக வரும், பயப்படாதே என்று சிஸ்டர் முன்கூட்டியே சொன்னார். சொல்லாவிட்டால் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். பொட்டாசியம் 3.0, மக்னீசியம் 0.6, இதற்கு மேல் நின்றால் போதும், நார்மலைத் துரத்த வேண்டாம் என்பது இவர்கள் கணக்கு. உலக நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையும் அதுதான்.

இனி குறைகள். காத்திருக்கும் அறையில் "உப்பைக் குறை" என்று ஆளுயரப் போஸ்டர். இந்த நாட்டில் 2016 முதல் ரொட்டியில் போடும் உப்புக்கே சட்டப்படி வரம்பு உண்டு. ஊருக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்து கைப்பையிலிருந்து உப்புக் கடலை தின்பவளை மற்ற நோயாளிகள் பார்க்கிற பார்வை இருக்கிறதே! அதைவிட மோசம் டயட் ஆலோசகர். வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி தவிர்க்க என்ற அச்சடித்த தாளை நீட்டினார். அது சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான தாள். எனக்கு வேண்டியது நேர் எதிர். சொன்னதும் வாங்கிக்கொண்டார், ஆனால் மாற்றாக ஒரு தாள் அவரிடம் இல்லை.

வரவேற்பு மேசையில் சிண்ட்ரோமின் பெயரை ஒவ்வொரு முறையும் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். மெடிக்கல் எய்டு (இங்கத்திய மருத்துவக் காப்பீடு) கொடுப்பதற்கும் இவர்கள் கேட்பதற்கும் நடுவில் உள்ள தொகை நம் கையிலிருந்து. முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முன்பதிவு வாரக்கணக்கில் தள்ளிப்போகும். பார்க்கிங் பற்றிப் பேசினால் ரத்த அழுத்தம் எனக்கே ஏறும்.

அப்புறம் ஒரு விஷயம். உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு என்று சொன்னதோடு டாக்டர் விடவில்லை. ஊரில் இருக்கும் தம்பிக்காக, அங்குள்ள மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார்: ஒரே காலையில் ரத்தமும் சிறுநீரும், என்னென்ன பார்க்க வேண்டும், கையை முஷ்டி பிடிக்க வைக்கக் கூடாது, ஈசிஜி ஒன்று எடுக்கவும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தம்பியும் சோம்பேறி என்று பெயர் வாங்கியவன், கால் பிடிப்பு அவனுக்கும் உண்டு. தென்காசி லேபில் சிறுநீரில் குளோரைடு எதற்கு என்று கேட்டார்களாம், கடிதத்தைக் காட்டியதும் திருநெல்வேலிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போர்ட் வந்ததும் இதன் கீழே சேர்க்கிறேன்.