தங்கச்சிமடத்திலிருந்து: பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்ட்

தங்கச்சிமடத்தில் மூன்று விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். படகு கரை திரும்பியதும் மீன் விற்ற தொகையிலிருந்து டீசல், ஐஸ், இதர செலவுகளைக் கழித்து, மீதியை உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது வரை எல்லாம் ஒரே மடிக்கணினியில்தான் நடக்கிறது. 2015இல் வாங்கிய அதில் 4 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் உள்ளன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடியும் என்று தெரிந்தபோது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப் வசதியும் புதிய செயலியும் இல்லாத இந்தக் கணினியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. நல்ல நிலையில் இருக்கும் பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. எனவே அந்த ஆண்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கணக்கு வேலை ஓய்ந்திருந்த வேளையில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் வகைகளான உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவிப் பார்த்தேன்.

நிறுவுவதற்காக லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து இயக்குவதே முதலில் கைகூடவில்லை. உற்றுப் பார்த்தபோது யூஎஸ்பி துளைக்குள் இருந்த செம்புத் தகடுகளில் பச்சை படிந்திருந்தது. கடற்கரையில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. உலர்ந்த பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்த பிறகே கணினி பென் டிரைவைக் கண்டுகொண்டது.

உபுண்டு 24.04இன் கோப்பு ஏறக்குறைய 6 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் செல்போன் இணையத்தில் அதை இறக்கவே நான்கு நாட்கள் ஆயின. தோற்றத்திலும் ஒழுங்கிலும் அதற்கு நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஃபயர்பாக்ஸ் ஸ்நாப் என்னும் சுருக்கப்பட்ட தொகுப்பாக வருவதால், என் ஹார்டு டிஸ்க்கின் வேகத்தில் முதல்முறை திறக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி உள்ள கணினியில் இது ஒரு பொருட்டாகவே இருக்காது.

டெபியன் 12 என்னைப் பெரிதும் கவர்ந்தது. நிறுவும் திரையிலேயே தமிழைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. வைஃபைக்குத் தேவையான ஃபர்ம்வேரும் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) இந்தப் பதிப்பிலிருந்து நிறுவல் கோப்புடனேயே வருகிறது. நிறுவும்போது ரூட் எனப்படும் நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் நம் பயனர் கணக்குக்குச் சூடோ, அதாவது நிர்வாகி வேலைகளைச் செய்யும் அனுமதி, கிடைக்காது என்பதை அறியாமல் ஒரு மாலைப்பொழுதை இழந்தேன். கணினியில் பழகியவர்களுக்கு டெபியனையே பரிந்துரைப்பேன். ஆனால் நான் ஊரில் இல்லாத நாளில் என் தங்கையும் இதில் கணக்கு எழுத வேண்டும்.

இறுதியில் மின்ட் 22.1இன் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய டெஸ்க்டாப் கொண்ட பதிப்பில் நிலைத்தேன். கோப்பின் அளவு உபுண்டுவில் பாதிதான். கணினி தொடங்கியதும் 1 ஜிபிக்கும் குறைவான நினைவகத்தையே அது எடுத்துக்கொள்கிறது. லிபர்ஆஃபிஸ் என்னும் அலுவலக மென்பொருள் உடன் வருவதால் பங்குக் கணக்கின் பழைய எக்செல் கோப்புகள் அப்படியே திறந்தன. 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் உண்டு.

என் முடிவைத் தீர்மானித்தது தமிழ்த் தட்டச்சுதான். மூன்று வகைகளிலும் தமிழ்99 என்னும் விசைப்பலகை கிடைக்கும் என்றாலும், எதை எப்படி நிறுவுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். விசைப்பலகை அமைப்பில் நேரடியாகக் கிடைக்கும் தமிழ்99இல் ஒரு விசைக்கு ஓர் எழுத்து மட்டுமே விழும்; புள்ளிகளை எல்லாம் நாமே இட வேண்டும். ஐபஸ் என்னும் தட்டச்சு மென்பொருளுடன், மொழிகளின் தட்டச்சு விதிகள் அடங்கிய எம்17என் தொகுப்பை நிறுவினால்தான் முழு விதிகளும் வேலை செய்யும். எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: த, ங, க என்று அடித்தால் ‘தங்க’ என்று புள்ளி தானாக விழுகிறது, தொடர்ந்து ச, ச, இ என்று அடித்தால் ‘ச்சி’ வந்துவிடுகிறது. 1999இல் தமிழக அரசு ஏற்ற இந்த விசைப்பலகையில் எவ்வளவு சிந்தனை செலவிடப்பட்டிருக்கிறது என்பது நாள் முழுவதும் தட்டச்சு செய்பவருக்குத்தான் புரியும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய மனுக்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பை நிறுவியதும் அவையும் சரியாகத் தெரிந்தன.

மின்ட்டை நிறுவிய அன்றே, இயங்குதளத்தின் நிலையை அவ்வப்போது பதிவுசெய்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்னும் கருவியை அதில் அமைத்துவிடுங்கள். தேவையற்றவை என்று நினைத்து நான் சில தொகுப்புகளை நீக்கியபோது, அவற்றோடு டெஸ்க்டாப்பின் பகுதிகளும் போய்விட்டன. முந்தைய நாளின் பதிவை மீட்டதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. ஆனால் டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தைத்தான். கணக்குக் கோப்புகளைத் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து வைப்பதை நான் விடவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என்னிடமிருந்த பழைய லேசர் பிரிண்டர் ஒன்று எவ்வளவு முயன்றும் இயங்கவில்லை. அதை லினக்ஸில் இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கைரேகைக் கருவிக்கும் அதே நிலைதான். இத்தகைய கருவிகளை நம்பித் தொழில் செய்பவர்கள், பென் டிரைவிலிருந்தே மின்ட்டை இயக்கித் தங்கள் கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்துச் சோதித்த பிறகே விண்டோஸை அழிக்க வேண்டும். நான் இப்போது கணக்கை பிடிஎஃப்பாக மாற்றி, பக்கத்துக் கடையில் அச்சிட்டு வாங்கிக்கொள்கிறேன்.